சாந்தியின் இரண்டாவது ஓட்டம்

பதக்கம் பறிக்கப்பட்ட புதுக்கோட்டை வீராங்கனை பயிற்சியாளர் ஆனது பெங்களூரில்

வித்தியாசம் 0.03 விநாடி. கண் இமைக்கக்கூட அது போதாது. 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில், கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவாவை அந்த இடைவெளியில் முந்தி வெள்ளி வென்றார் சாந்தி சௌந்தரராஜன். எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 13 வயதில் குடிசைக்கு வெளியே மண் தரையில் ஓடக் கற்றுத்தந்து, ஷூ வாங்கிக் கொடுத்தவர் தாத்தா.

ஊர் கொண்டாடி முடிப்பதற்குள் செய்தி வந்தது: பாலினச் சோதனையில் சாந்தி தேறவில்லை. வெள்ளி பறிபோனது.

விநோதம் என்னவென்றால், எல்லா வீராங்கனைகளுக்குமான கட்டாயச் சோதனையை சர்வதேசத் தடகள சம்மேளனம் 1992லும் ஒலிம்பிக் கமிட்டி 1999லும் கைவிட்டிருந்தன. ஆனால் சந்தேகம் எழுந்தால் சோதிக்கலாம் என்ற கதவு மட்டும் திறந்தே இருந்தது. சாந்தி ஊக்க மருந்து சாப்பிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. பிறவியில் அமைந்த உடலுக்குத்தான் இந்தத் தண்டனை.

அப்போதைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு டிவியும் தந்தார். பதக்கம் போனதால் பரிசு நிற்கவில்லை என்பது ஆறுதல். ஆனால் ஊர்வாய் சும்மா இருக்குமா? 2007இல் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார் சாந்தி. பிறகு சொந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். பணம் கரைந்தது. 2012இல் அவர் இருந்த இடம், பெற்றோர் வேலை செய்த அதே செங்கல் சூளை. கூலி நாளொன்றுக்கு சுமார் 200 ரூபாய்.

அந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்த பிறகே டெல்லி விழித்துக்கொண்டது. பெங்களூரில் தமிழர்கள் எங்கே என்றால் அல்சூர், நீலசந்திரா என்று கை காட்டுவார்கள். 2013இல் சாந்தி வந்து சேர்ந்தது நகரின் இன்னொரு மூலையில், ஞானபாரதி வளாகத்தில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்துக்கு. ஆசிய மேடையில் நின்றவர் பயிற்சியாளர் டிப்ளமோவுக்காக மாணவியாக உட்கார்ந்தார். 2014இல் படிப்பை முடித்தார். தமிழக அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது 2016இல்தான். தோகாவிலிருந்து பத்து ஆண்டுகள்!

இதே 800 மீட்டரில் 2009இல் உலக சாம்பியனான தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா மீதும் கேள்வி எழுந்தது. அவர் நாடு அவருக்குப் பின்னால் நின்றது. தங்கம் அவரிடமே இருக்கிறது. ஒடிசாவின் டூட்டி சந்த் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் 2015இல் மீண்டும் ஓடும் உரிமை பெற்றார். பிரிட்டனின் கீலி ஹாட்ஜ்கின்சனோ, சிறுமியாக ஊர் ஓட்டக் கழகத்தில் சேர்ந்து, 19 வயதில் டோக்கியோவில் வெள்ளியும் 2024இல் பாரிஸில் தங்கமும் வென்றார். திறமைக்குப் பக்கத்தில் ஓர் அமைப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அவர் உதாரணம். சாந்திக்குப் பக்கத்தில் நின்றவர் தாத்தா மட்டுமே.

விவாதம் ஓயவில்லை. 2025 செப்டம்பரில் பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனையை உலகத் தடகள அமைப்பு கட்டாயமாக்கியது. 2006 தோகா பட்டியலில் 800 மீட்டர் வெள்ளிக்கு நேராக இருப்பது யலோவ்ட்சேவாவின் பெயர்.