வெந்த கீரை ஒரு டம்ளர் எத்தனை கிராம்?



கெலமங்கலம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் இரத்தசோகை பற்றிப் பேசினோம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கர்ப்பிணிகள் தினமும் 100 கிராம் கீரை சாப்பிட வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2011 வழிகாட்டியில் உள்ளது. இதைச் சொன்னதும் ஒரு உறுப்பினர், "எங்க வீட்ல தராசா இருக்கு? டம்ளர் கணக்குல சொல்லுங்க மேடம்" என்றார். அன்று எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

முதலில் ஒன்று. அந்த 100 கிராம், வேர், முற்றிய தண்டு நீக்கி ஆய்ந்த பச்சைக் கீரையின் எடை. கட்டின் எடையும் அல்ல, வெந்த பிறகு உள்ள எடையும் அல்ல. சிறுகீரை, தண்டுக்கீரை வகையில் 100 கிராம் பச்சை இலையை அழுத்தாமல் போட்டால் 200 மில்லி டம்ளரில் நாலு டம்ளருக்கு மேல் வரும். வேகவைத்து வடித்தால் அரை டம்ளருக்குச் சற்று மேலேதான் நிற்கும். வெந்ததும் இலை துவண்டு படிந்து, இடையில் இருந்த காற்று போய்விடும், அதனால்தான் இப்படிச் சுண்டுகிறது.

எல்லாக் கீரைக்கும் ஒரே கணக்கு கிடையாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணையை நம்ம 200 மில்லி டம்ளருக்கு மாற்றிப் பார்த்தோம். பருப்பு சேர்க்காமல் வேகவைத்து வடித்த பாலக் சுமார் 150 கிராம், தண்டுக்கீரை 110 கிராம், முருங்கைக்கீரை வெறும் 35 கிராம்! முருங்கை இலை குழையாது, உதிரியாக நிற்கும், இடையில் காற்றுதான் அதிகம். அதையே நன்றாக அழுத்தி அளந்தால் எடை கூடிவிடும். பருப்பு போட்டுக் கடைந்த கீரையில் பாதி பருப்பாகவே இருக்கலாம், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஒரு கட்டு வாங்கிக் கடைந்து, களிக்குத் தொட்டுக்க நாலு பேருக்குப் போட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும்? சமைத்த பெண்ணுக்குப் பல வீடுகளில் சட்டியை வழித்ததுதான் மிச்சம். கர்ப்பிணியின் பங்கை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சத்து அதோடு போய்விடும். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ள, வெறும் டம்ளரை எடை போடுங்கள். வெந்த கீரையை நிரப்பி மறுபடி போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கீரையின் எடை. அடுத்த கூட்டத்துக்கு டம்ளரும் கீரையும் நீங்கள் கொண்டு வாருங்கள், தராசு நாங்கள் எடுத்து வருகிறோம்.