நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினும் நம் ஊர்க் காற்றும்

நம் சங்க உறுப்பினர்களில் மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களில் இரண்டு மூன்று பேர் சமீபத்தில் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். "சார், பழைய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? வாங்கினால் எப்படி ஓட்டுவது?" நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமல்ல என்பதால் எழுதுகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடாத அன்பர்களும் படிக்கலாம். பெங்களூரில் பைக் ஓட்டியவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும்.

யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐயும் என்ஃபீல்டு புல்லட்டையும் அடுத்தடுத்து ஓட்டியவருக்கு வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. முன்னது இரண்டு ஸ்ட்ரோக். கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு தடவை எரியும், அதனால் சிறிய எஞ்சினிலிருந்து நிறைய சக்தி. பின்னது நான்கு ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரியும். உள்ளே இழுக்க ஒரு வால்வு, வெளியே தள்ள ஒரு வால்வு, அவற்றைத் திறந்து மூட கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும் கேம். மாதிரி விமான எஞ்சினிலும் இதே கதைதான், உள்ளங்கையில் அடங்கும் அளவில்.

ஒன்றுதான் பைக்கிலிருந்து மாறுபடும். இங்கே தீப்பொறி கிடையாது. க்ளோ பிளக் என்ற சிறு திருகின் அடியில் பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் இருக்கும். ஒன்றரை வோல்ட் செல்லை அதில் இணைத்தால் கம்பி சிவக்கும், எஞ்சின் கிளம்பும். கிளம்பியபின் செல்லை எடுத்துவிடலாம். மெதனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வேதிவினையும், அழுத்தத்தில் பிறக்கும் சூடும், முந்தைய எரிப்பின் மிச்ச வெப்பமும் சேர்ந்து கம்பியை அணையாமல் வைத்திருக்கும். இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ரே ஆர்டன், 1940களின் பிற்பகுதியில். நான்கு ஸ்ட்ரோக்கில் எரிப்புக்கும் எரிப்புக்கும் இடையே ஒரு முழுச் சுற்று வீணாகப் போகிறதல்லவா? அவ்வளவு நேரமும் கம்பி சூடு குறையாமல் தாங்க வேண்டும். ஆகவே இதற்கென்றே செய்த பிளக்கைத்தான் போட வேண்டும். ஓ.எஸ். நிறுவனத்தின் 'எஃப்' வகை பிளக் அப்படிப்பட்டது. இரண்டு ஸ்ட்ரோக் பிளக்கைப் போட்டுவிட்டு, மெதுவாக ஓடும்போது அணைகிறது என்று எஞ்சினைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து விற்கப்பட்ட முதல் நான்கு ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சின், ஜப்பானின் ஓ.எஸ். 1976-இல் வெளியிட்ட எஃப்.எஸ்.-60. பிறகு சைட்டோ, எனியா, ஒய்.எஸ். எல்லாம் வந்தன. நம் ஊரில் கைமாறும் பழைய எஞ்சின்களில் நான் அதிகம் பார்ப்பது ஓ.எஸ்.ஸும் சைட்டோவும்தான்.

சக்தி குறைவு, விலை அதிகம், பாகங்கள் அதிகம். பிறகு எதற்கு இது? முதல் காரணம் புரொபெல்லர். இரண்டு ஸ்ட்ரோக் நிமிடத்துக்கு 12,000, 13,000 சுற்று என்று சிறிய புரொபெல்லரைச் சுற்றிக் கீச்சிடும். நான்கு ஸ்ட்ரோக் 9,000, 10,000 சுற்றில் பெரிய புரொபெல்லரை இழுக்கும். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட லாபம். மெதுவாகப் பறக்கும் விமானங்களுக்கு, அதாவது பைப்பர் கப், டைகர் மாத் போன்றவற்றின் மாதிரிகளுக்கு, இது கச்சிதமாகப் பொருந்தும். இரண்டாவது காரணம் சத்தம். நம் ஊர் எச்.ஏ.எல். உருவாக்கி 1951-இல் முதலில் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானத்தின் மாதிரியை ஒருவர் ஆறு மாதம் உட்கார்ந்து செய்கிறார் என்று வையுங்கள். அது தையல் மெஷின் போலக் கத்திக்கொண்டு மேலே போனால் பார்க்கிறவருக்கே மனசு ஒட்டாது.

அளவுக்கு வருவோம். எஞ்சின் மேல் 52 என்று பொறித்திருந்தால் .52 கன அங்குலம், அதாவது சுமார் 8.5 சி.சி. 70 என்றால் 11.5 சி.சி., 91 என்றால் ஏறக்குறைய 15 சி.சி. விமானப் பெட்டியில் "40 அளவு" என்று போட்டிருந்தால் அது இரண்டு ஸ்ட்ரோக் கணக்கு. அதற்கு நான்கு ஸ்ட்ரோக்கில் 52 அல்லது 56 வேண்டும். 60 அளவு விமானத்துக்கு 91. புத்தகக் கணக்கு இதோடு முடிகிறது. ஆனால் நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில். சென்னையைவிட இங்கே காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு லேசு. எஞ்சின் மூச்சிழுக்கும் காற்று குறைந்தால் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே பெங்களூரில் 52-க்கும் 70-க்கும் இடையே தயங்குகிறவருக்கு நான் தயங்காமல் 70 என்றுதான் சொல்வேன், விமானத்தின் மூக்கு அந்த எடையைத் தாங்குமானால். 52-க்கு 11×6 அல்லது 12×6 புரொபெல்லர், 70-க்கு 13×6, 91-க்கு 14×6 என்று தொடங்கலாம். முதல் எண் நீளம், இரண்டாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் கணக்கு, இரண்டும் அங்குலத்தில்.

பழைய எஞ்சினை வாங்கும்போது கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் நல்ல அழுத்தம் தெரிய வேண்டும். சுற்றும்போது மணல் அரைபடுவது போல் விரலுக்குத் தெரிந்தால் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. பேரிங் மாற்றிவிடலாம், விலையில் மட்டும் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மேலே ராக்கர் மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அசையவே அசையாத எஞ்சினுக்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பழைய விளக்கெண்ணெய் உள்ளே பசையாக உறைந்திருக்கும். ஹேர் டிரையரால் நன்றாகச் சூடாக்கினால் விட்டுக்கொடுக்கும். கட்டிங் பிளேயர் வைத்துத் திருகினால் எஞ்சின் அன்றோடு சரி.

எரிபொருள் என்பது மெதனாலோடு 18 முதல் 20 சதம் எண்ணெயும், 5 முதல் 15 சதம் நைட்ரோமீத்தேனும் சேர்ந்த கலவை. எண்ணெயில் செயற்கை எண்ணெயே பெரும்பங்கு இருக்கட்டும், விளக்கெண்ணெய் கொஞ்சம் சேர்ந்தால் போதும். நைட்ரோ கிடைக்காவிட்டால் 5 சதமே போதும், இல்லாமலும் ஓடும். மெது ஓட்டம் மட்டும் சற்றுத் தடுமாறும். ஒரு எச்சரிக்கை. மெதனால் கொடிய நஞ்சு, கண்ணைப் பறித்துவிடும். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலோ குடிநீர் பாட்டிலிலோ வைக்கவே கூடாது. அது எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்று இருக்கட்டும்.

கிளப்பும் முறையில்தான் இரண்டு ஸ்ட்ரோக்காரர்கள் தடுமாறுகிறார்கள். செல்லை இணைக்காமல், த்ராட்டிலைத் திறந்து, கார்புரேட்டர் வாயை விரலால் மூடி, புரொபெல்லரை இரண்டு மூன்று முறை சுற்றுங்கள். எரிபொருள் உள்ளே போகும். பிறகு த்ராட்டிலைக் கால்வாசிக்குக் குறைத்து, செல்லை இணைத்து, ரப்பர் உறை போட்ட கட்டையால் புரொபெல்லரை ஓடும் திசைக்கு எதிர்த் திசையில் அழுத்தத்தின் மேல் ஒரு தட்டு. அது உதைத்துக்கொண்டு நேர்த் திசையில் கிளம்பிவிடும். விரலால் தட்டாதீர்கள். என் நண்பர் ஒருவரின் வலது ஆள்காட்டி விரல் இன்றும் முழுதாக மடங்காது. எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே அதை வைக்க வேண்டும். சிலிண்டரில் எரிபொருள் தேங்கியிருந்தால், திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

நான்கு ஸ்ட்ரோக்குக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. எரிபொருள் குறைவாகப் போய்ச் சூடேறினால், நேரத்துக்கு முன்பே எரிந்து பிஸ்டனைத் திருப்பி அடிக்கும். கிராங்க் ஒரு கணம் திடுக்கென்று நிற்கும். புரொபெல்லர் நிற்காது. தன் வேகத்திலேயே நட்டைக் கழற்றிக்கொண்டு முன்னால் பறந்துவிடும். அதனால்தான் இந்த எஞ்சின்களுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை நட்டு கொடுக்கிறார்கள். இரண்டையும் போடுங்கள், ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன் இறுக்கிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது புரொபெல்லருக்கு முன்னாலோ பக்கவாட்டில் அதன் நேர்கோட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. நீடிலைத் திருகுவதும் பின்னாலிருந்துதான்.

அந்த நீடிலை எவ்வளவு திருகுவது? முழு த்ராட்டிலில் வைத்து, வேகம் இனி ஏறாது என்ற இடம்வரை மூடுங்கள். பிறகு 300 முதல் 500 சுற்று குறையும்வரை திறந்து விடுங்கள். மூக்கை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தாலும் ஓட்டம் தளரக் கூடாது. டாக்கோமீட்டர் சரியாக இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால், பழைய சோக் வைத்த டியூப் லைட்டைக் காட்டுங்கள். இரண்டு இலைப் புரொபெல்லருக்கான அமைப்பில் 3,000 காட்ட வேண்டும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது, அவ்வளவுதான் கணக்கு. இங்கே சரிசெய்த நீடிலோடு சென்னைக்கு விமானத்தை எடுத்துப் போகிறவர்கள் அங்கே கிளப்புமுன் நீடிலைச் சற்றுத் திறந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பாருங்கள். அங்கே காற்று கனம். நம் ஊர் அளவில் விட்டால் எரிபொருள் போதாமல் மேலே சொன்ன உதைதான் கிடைக்கும்.

டேப்பட் பார்ப்பது பெரிய வித்தையல்ல. எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.04 மில்லிமீட்டர் தகடு நுழைய வேண்டும், 0.10 நுழையக் கூடாது. தலைமுடிக் கனம்தான். இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு சரியாக மூடாமல் அழுத்தம் போய்விடும். அதிகமானால் கடகடவென்று சத்தம், சக்தியும் குறையும். புது எஞ்சினை முதல் சில டேங்க் எரிபொருள் தாராளமாக விட்டு ஓட்டியபின் ஒரு முறை, பிறகு சில மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

இவ்வளவும் செய்துவிட்டு, மாலையில் விமானத்தை அப்படியே சுவரில் மாட்டிவிடுகிறவர்களை என்ன சொல்வது! நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களைத் தேய்மானம் கொல்வதில்லை, துருதான் கொல்கிறது. இரண்டு ஸ்ட்ரோக்கில் புதிய எரிபொருளும் எண்ணெயும் கிராங்க் கேஸ் வழியாகவே போகும். நான்கு ஸ்ட்ரோக்கில் பிஸ்டனைத் தாண்டிக் கசிவதுதான் கீழே பேரிங்குக்கு எண்ணெய். அந்தக் கசிவோடு எரிந்த வாயுவின் ஈரமும் அமிலமும் சேர்ந்தே இறங்குகின்றன. போதாததற்கு மெதனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஜூனிலிருந்து அக்டோபர்வரை நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே கடைசிப் பறப்பு முடிந்ததும் எரிபொருள் குழாயைக் கிள்ளி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். செல்லை மறுபடி இணைத்துச் சுற்றி, மிச்சத்தையும் எரியவிடுங்கள். பிறகு பிளக் துளையில் சில சொட்டு, கிராங்க் கேஸின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுக்குழாய் வழியே அரை டீஸ்பூன், தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பத்துப் பதினைந்து முறை சுற்றுங்கள். இரண்டு நிமிட வேலை. அந்த மூச்சுக்குழாயில் எண்ணெய் சொட்டுகிறதே என்று சிலர் அடைத்துவிடுகிறார்கள். அடைக்கக் கூடாது, ஒரு சிலிக்கான் குழாய் மாட்டி வெளியே விட்டுவிடுங்கள்.

புதிதாகப் பறக்கப் பழகுகிறவர்களுக்கு இது வேண்டாம். இன்றைய மின் மோட்டார் விமானத்தில் கை பழகட்டும், இரண்டாவது விமானத்துக்கு இதை யோசிக்கலாம். எந்த எஞ்சினானாலும், 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் தொடுகின்றன. எலஹங்கா, ஜக்கூர், எச்.ஏ.எல். என்று சுற்றிலும் விமானத் தளங்கள் உள்ள ஊர் இது. பறக்கவிடும் மைதானம் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று அரசின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரணில் உறைந்துபோன எஞ்சின் வைத்திருப்பவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஃபீலர் கேஜும் எண்ணெய்க் குப்பியும் நான் கொண்டுவருகிறேன்.