புளித்துப் போகும் வெடிமருந்து

வெடிமருந்துக்கு வயது உண்டா? நெருப்பைக் கிட்டே கொண்டு போனால் வெடிக்கும். இல்லாவிட்டால் பேசாமல் கிடக்கும் என்றுதான் நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். பழைய கருமருந்தைப் பொறுத்த வரையில் இது சரியே. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. மூன்றையும் இழைய அரைத்துக் கலந்தால் கருமருந்து. ஈரம் படாமல் வைத்தால், நன்றாகக் காய்ந்த உப்பு நாரத்தங்காயைப்போல் தலைமுறை கடந்தும் கெடாது. அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடிந்தது. அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றை 2008-ல் விர்ஜீனியாவில் ஒருவர் தம் வீட்டில் வைத்துச் சுத்தம் செய்து கொண்டிருந்தார். 140 வருஷங்களுக்கு மேல் உறங்கிக் கிடந்த மருந்து விழித்துக் கொண்டது. மனிதர் மாண்டு போனார்.

ஆனால் இப்போது துப்பாக்கித் தோட்டாக்களில் இருப்பது பெரும்பாலும் கருமருந்து அல்ல, புகையில்லா மருந்து. இதன் சுபாவமே வேறு.

இதற்கு மூலம் நம் வீட்டுப் பஞ்சுதான்! பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் நனைத்து, அலசி உலர்த்தினால் வெடிபஞ்சு ஆகிவிடுகிறது. இதை 1846-ல் உலகுக்கு அறிவித்தவர் ஸ்விட்சர்லாந்துப் பேராசிரியர் ஷோன்பைன். சமையலறையில் கொட்டிய அமிலத்தை மனைவியின் மேலங்கியால் துடைத்து அடுப்பருகே காய வைத்தாராம். அது பளிச்சென்று எரிந்து காணாமல் போயிற்றாம். அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. மறு வருஷமே இங்கிலாந்தில் பேவர்ஷம் என்ற ஊரில் வெடிபஞ்சுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. பஞ்சை அடக்கிப் பழக்க நெடுங்காலம் பிடித்தது. 1884-ல் பிரெஞ்சுக்காரர் போல் வியேல், அதை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்துப் பசையாக்கி, தகடாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கினார். 'பி மருந்து' பிறந்தது. புகை இல்லை, வேகமோ அதிகம். பிரெஞ்சு ராணுவத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்!

ஆனால் பஞ்சில் ஏற்றிய நைட்ரஜன் பொருள் அங்கேயே நிலைத்து நிற்பதில்லை. எப்போதும் சிறுகச் சிறுகக் கழன்று வாயுவாக வெளிப்படுகிறது. அந்த வாயு ஈரத்தோடு கூடி அமிலமாகிறது. அமிலம் மேலும் மருந்தைக் கெடுக்கிறது. ஒரு கரண்டி புளித்த மாவு பானை மாவு முழுவதையும் புளிக்க வைப்பதில்லையா, அதைப்போலத்தான். மாவு புளித்தால் தோசை வார்த்துத் தீர்த்து விடலாம். மருந்து புளித்தால் உள்ளே சூடு பிறக்கிறது. ஈர வைக்கோற்போர் நடுவில் கனல்வதுபோல் கனன்று, ஒரு நாள் தானாகவே பற்றிக் கொள்கிறது. கிடங்கு எத்தனைக்கு எத்தனை வெப்பமோ, அத்தனைக்கத்தனை சீக்கிரம்!

1907 மார்ச் 12. பிரான்ஸின் டூலோன் துறைமுகத்தில் 'இயேனா' என்ற யுத்தக் கப்பல் பழுது பார்ப்பதற்காகத் தண்ணீர் வற்றிய துறையில் நின்றது. மதியம் ஒன்றரை மணிக்கு மேல் மருந்தறை வெடித்தது. ஒன்றன் பின் ஒன்றாக வெடிகள். கடலில் இருந்தால் அறைக்குள் தண்ணீரைத் திறந்து விடலாம். இங்கே தண்ணீர் ஏது? பக்கத்தில் நின்ற 'பாத்ரீ' கப்பல், துறையின் கதவை உடைத்துக் கடலை உள்ளே விட எண்ணிக் குண்டு வீசியது. குண்டு கதவில் பட்டுத் தெறித்துப் போய்விட்டது. கடைசியில் ஓர் இளம் அதிகாரி கையாலேயே திறந்து விட்டார். சிறிது நேரத்தில் கப்பலின் சிதறல் பட்டு அவரும் மடிந்தார். மாண்டவர்கள் சுமார் 120 பேர். பி மருந்தின் மேல்தான் பலமான சந்தேகம் விழுந்தது. மந்திரி ராஜிநாமாச் செய்தார்.

அத்துடன் விழித்துக் கொண்டிருக்க வேண்டாமா? மருந்தைச் செய்தது யுத்த இலாகா, உபயோகித்தது கடற்படை. யார் குற்றம் என்ற வழக்கில் வருஷங்கள் ஓடின. 1911 செப்டம்பர் 25, விடியற்காலை. அதே டூலோனில் 'லிபர்த்தே' என்ற கப்பலில் தீ. மருந்தறைக்குத் தண்ணீர் திறக்க ஆட்கள் ஓடினார்கள். புகையும் நெருப்பும் அவர்களை அண்டவிடவில்லை. ஆறு மணி அடிக்கு முன் கப்பல் பிளந்தது. 37 டன் எடையுள்ள கவசத் துண்டு பறந்து போய், 200 மீட்டருக்கு அப்பால் நின்ற 'ரெபூப்ளிக்' மீது விழுந்தது. சுமார் 300 உயிர்கள் போயின. கப்பலின் தளபதி, புகழ்பெற்ற சோஷலிஸ்ட் தலைவர் ழான் ழோரேஸின் சகோதரர். அன்று அவர் விடுமுறையில் இருந்தார். பின்னர் விசாரணையில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். கப்பலின் சிதைவு 1925 வரை துறைமுகத்தின் நடுவே கிடந்தது.

வேதனை என்னவென்றால், மாற்று மருந்து அதற்கு முன்பே தெரிந்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சேர்த்து வந்த அமைல் ஆல்கஹால், நாளடைவில் ஆவியாகி விடக் கூடியது. டைபினைலமீன் என்ற பொருள் அப்படிப் பறப்பதில்லை. வெளிவரும் வாயுவை உடனுக்குடன் விழுங்கிவிடும். நூற்றுக்கு ஒரு பங்கு போதும். அமெரிக்கக் கடற்படை அதை 1908-லேயே கையாளத் தொடங்கிவிட்டது. பிரிட்டிஷாருக்கோ அதிர்ஷ்டம் வேறு வடிவில் வந்தது. தங்கள் கார்டைட் மருந்தில், பீரங்கிக் குழாய் தேயாதிருக்க என்று வாஸ்லைன் கலந்தார்கள். குழாய்க்கு எவ்வளவு பயன்பட்டதோ, மருந்தைக் கெடாமல் காப்பதில் அது கெட்டிக்காரனாக இருந்தது! உதகை மலை ரயிலில் போகும்போது அருவங்காடு நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள தொழிற்சாலை இந்தக் கார்டைட்டுக்காக ஏற்பட்டதுதான்.

மேல்நாடுகளில் வேட்டைக்காரர்களும் குறி சுடுவோரும் சுட்ட தோட்டாக் கூடுகளில் வீட்டிலேயே மருந்து நிரப்பிக் கொள்வது உண்டு. இப்போதைய மருந்து, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில், வந்த டப்பாவிலேயே மூடி இருந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். வெயில் காயும் பரண் ஆகாது. 'பத்திரம்' என்று கனமான இரும்புப் பெட்டியில் பூட்டுவது அதைவிட மோசம்; தீப்பற்றினால் வாயு வெளியேற வழியின்றிப் பெட்டியே வெடிகுண்டாகி விடும். அதனால் மர அலமாரிதான் நல்லது என்கிறார்கள். டப்பாவைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் புளித்த நெடியோ, செம்பழுப்புத் தூளோ, உள்ளே துருவோ கண்டால், அதற்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அதைத் தோட்டாவில் போடக் கூடாது. சிறிதளவாக இருந்தால் சிலர் புல்தரையில் மெல்லத் தூவி விடுகிறார்கள். நைட்ரஜன் அல்லவா, புல்லுக்கு எரு!