ராஜாளியின் செவிகள்

கடலும் வானும் – 9

நீரின் மேற்பரப்பில் செல்லும் கப்பலைத் தேடும் விமானத்துக்குக் கூரிய கண் போதும். நீருக்கடியில் மறைந்து செல்லும் நீர்மூழ்கியைத் தேடும் விமானத்துக்கோ நுண்ணிய செவி வேண்டும். 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கல ஏரியிலிருந்து எழுந்த கேட்டலினா விமானம் ஜப்பானியப் போர்க்கப்பல்களைக் கண்டு கொழும்பை எச்சரித்த வரலாறு சென்ற இதழில் கூறப்பட்டது. அது கண்ணின் வெற்றி. நீர்மூழ்கியின் முன் அந்தக் கண் பயனற்றுப்போகும் என்பதை இந்தியா பெரும் விலை கொடுத்து அறிந்தது. 1971 டிசம்பர் 9 அன்று இரவு, டையூவுக்கு அப்பால், பாகிஸ்தானின் 'ஹாங்கோர்' நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவால் 'ஐ.என்.எஸ். குக்ரி' மூழ்கியது, 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கடலோடு போயினர்.

ஒளியும் ரேடியோ அலைகளும் கடல்நீரில் விரைவில் வலுவிழந்துவிடுவதால், நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் நெடுந்தொலைவு செல்லும் ஒலியே தேடுவோருக்கு முதன்மைத் துணையாகிறது. ஆயினும் வானில் பறக்கும் விமானத்தால் நீருக்குள் எழும் ஒலியை நேரடியாகக் கேட்க இயலாது என்பதால், அது தன் செவிகளைக் கடலில் உதிர்த்துச் செல்கிறது. 'சோனோபாய்' எனப்படும் இந்த ஒலிமிதவை, முழங்கை நீளத்தைவிட இருமடங்கு உயரமுள்ள ஓர் உருளையாகும். விமானத்திலிருந்து பாராசூட்டில் இறங்கும் அது நீரைத் தொட்டவுடன் ஒரு பகுதி மேலே மிதக்க, நீரொலிவாங்கி கம்பியில் தொங்கியவாறு குறித்த ஆழத்துக்குச் செல்கிறது. கீழே கேட்பதை மேலே மிதக்கும் பகுதி ரேடியோ வழியே விமானத்துக்கு அனுப்புகிறது. சில மிதவைகள் கேட்க மட்டுமே செய்யும். சில தாமே ஒலியெழுப்பி, நீர்மூழ்கியின் உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கும்.

மிதவையை எந்த ஆழத்தில் தொங்கவிடுவது என்பதை நீரின் இயல்புதான் தீர்மானிக்கிறது. அடிமாலியிலிருந்து பள்ளிவாசலுக்கு மலையேறுபவருக்கு மேலே செல்லச் செல்லக் குளிர் கூடுகிறது. கடலிலோ கீழே செல்லச் செல்லக் குளிர் கூடுகிறது. கதிரவனால் சூடாகிக் காற்றால் கலக்கப்படும் மேலடுக்கின் அடியில் வெப்பநிலை சடுதியாகக் குறைய, அங்கு ஒலியின் வேகமும் குறைவதால், மேலிருந்து செல்லும் ஒலி கீழ்நோக்கி வளைந்து, இடையே ஒலி எட்டாத நிழற்பகுதி ஒன்றை உண்டாக்குகிறது. அனுபவமுள்ள நீர்மூழ்கித் தலைவர் தன் கலத்தை அந்த நிழலில் மறைத்துக்கொள்வார். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி ஆகிய பேராறுகளின் நன்னீர் உப்புநீரின் மேல் பரவிக் கிடக்கும் வங்காள விரிகுடாவில் இந்த அடுக்குகள் பருவந்தோறும் மாறுகின்றன. ஆகவே ஆழத்துக்கு ஏற்ப வெப்பநிலையை அளக்கும் மிதவை முதலில் இடப்படுகிறது. அதன் பின்னரே கேட்கும் மிதவைகளுக்கு உரிய ஆழம் முடிவாகிறது. கடலை அறிந்தவருக்கே கடலில் ஒளிந்திருப்பது தென்படும் என்பது இவ்வேட்டையின் முதல் விதி.

இந்தக் கலை தமிழகத்தில் வேரூன்றிய இடம் அரக்கோணம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த விமானத்தளம் விரிவாக்கப்பட்டு, 1992 மார்ச் 11 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் ரா. வெங்கட்ராமனால் 'ஐ.என்.எஸ். ராஜாளி' என்ற பெயரில் கடற்படையில் இணைக்கப்பட்டது. வேட்டைப் பறவையைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லே கடற்படைத் தளம் ஒன்றின் பெயரானது பொருத்தமானது. நான்கு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நீளமுடைய அதன் ஓடுபாதை, கோவாவிலிருந்து இடம்பெயர்ந்த 312-ஆம் படைப்பிரிவின் 'டுபொலேவ்-142' விமானங்களுக்குத் தேவைப்பட்டது. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு புரோப்பல்லர்கள் என அமைந்த அந்த ரஷ்ய விமானங்கள், 1988 முதல் 29 ஆண்டுகள் பணியாற்றி, 2017 மார்ச் 29 அன்று அரக்கோணத்தில் ஓய்வுபெற்றன.

அவற்றின் இடத்தை நிரப்பும் 'பி-8ஐ' விமானங்களுள் முதலாவது 2013 மே மாதம் அரக்கோணம் வந்தது. பயணிகள் நன்கறிந்த போயிங் 737-ஐ அடிப்படையாகக் கொண்ட இந்த ஜெட் விமானம், தளத்திலிருந்து 2,200 கிலோமீட்டர் சென்று, அங்கு நான்கு மணி நேரம் தேடிவிட்டுத் திரும்ப வல்லது. அமெரிக்கக் கடற்படையின் 'பி-8ஏ' விமானத்தில் இல்லாத ஒரு கருவி, இந்தியாவின் விருப்பப்படி இதன் வாலில் நீண்டிருக்கிறது. பெரும் இரும்புத்திரளான நீர்மூழ்கி, தன்னைச் சூழ்ந்த புவிக்காந்தப் புலத்தில் உண்டாக்கும் சிறு பிறழ்வை அது உணர்கிறது. விமானத்தின் உலோகமும் மின்கருவிகளும் அளவீட்டைக் குழப்பாதிருக்கவே அது வாலின் நுனியில் வைக்கப்படுகிறது. அதன் எல்லை குறுகியது என்பதால், ஒலிமிதவைகள் பரப்பைச் சுருக்கித் தந்த பின்னரே, விமானம் தாழ்ந்து பறந்து, அக்கருவியால் இருப்பிடத்தை உறுதி செய்கிறது. இலகு ரக டார்பிடோ நீரில் விழுவது அதற்கும் பிறகே.

இத்தகைய பொறுமையால் ஓர் உயிர் காக்கப்பட்டதும் உண்டு. 2018 செப்டம்பரில், உலகைத் தனியே சுற்றிவரும் 'கோல்டன் குளோப்' பாய்மரப் போட்டியில் இருந்த கேரளத்தவரும் கடற்படைக் கண்காணிப்பு விமானியுமான அபிலாஷ் டோமியின் 'துரியா' படகு, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசிய புயலில் பாய்மரம் முறிந்து, அவரும் முதுகில் படுகாயமுற்று அசைய இயலாது கிடந்தார். மொரிஷியஸிலிருந்து புறப்பட்ட இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் செப்டம்பர் 23 அன்று அந்தப் படகைக் கண்டறிந்தது. மறுநாள் பிரெஞ்சுக் கப்பல் 'ஒசிரிஸ்' அவரை மீட்டது. கடலுக்குள் ஒளிந்திருப்பவரைத் தேடப் பழகியவர்கள், கடலில் தனித்துக் கிடந்த தம் தோழரைக் கண்டுபிடித்தார்கள். குக்ரியோடு மூழ்கியவர்களின் நினைவு கோருவதும் இந்த விழிப்பைத்தான்.

(தொடரும். அடுத்த இதழில்: கொச்சியிலிருந்து எழும் ஹெலிகாப்டர்களும், அவை நீரில் இறக்கும் சோனாரும்.)