அபராதம் கட்டிட்டு வந்துடலாமா?

போன மாதக் கூட்டத்தில் மீன் அமிலம் பற்றிப் பேசி முடித்துவிட்டு, எல்லாரும் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். 70 வயதைத் தொட்ட பெரியவர் ஒருவர் மடியிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "தம்பி, நீ கோர்ட்டுக்கு நடந்த ஆளு. இது என்னன்னு பாத்துச் சொல்லு."

சம்மன். சில வருசத்துக்கு முன்னால் கண்மாய்க்குத் தண்ணீர் கேட்டு நடந்த சாலை மறியல் வழக்கு. அன்றைக்கு எல்லாரையும் வண்டியில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் வைத்து, மதியம் புளிசாதம் கொடுத்து, சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அன்னைக்கே விட்டுட்டாகளே, இப்ப என்னத்துக்குக் கூப்பிடுறாக?" என்றார். பக்கத்தில் இருந்தவர் உடனே, "பெரிய விசயமில்ல சித்தப்பா. போயி குத்தத்த ஒத்துக்கிட்டு ஆயிரமோ ரெண்டாயிரமோ கட்டிட்டு வந்துருங்க. அலைச்சல் மிச்சம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இதே யோசனையை எனக்கும் சொன்னார்கள். நானும் கேட்கத்தான் இருந்தேன். அதனால்தான் இந்த மாதம் மண்ணை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வயலில் தூயமல்லி, வரப்பில் உளுந்து. கிழக்கே பங்காளி வயல். அவர் ரசாயனம்தான். போன வருசம் ஒருநாள் காற்று எங்கள் பக்கம் வீசும்போது 2,4-டி களைக்கொல்லி அடித்தார். அகன்ற இலைப் பயிருக்கு அது எமன். நாலாம் நாள் என் வரப்பு உளுந்து இலையெல்லாம் முறுக்கு மாதிரி சுருண்டு நின்றது. போய்க் கேட்டேன். பேச்சு தடித்தது. உண்மையைச் சொல்கிறேன், அவர் சட்டையை முதலில் பிடித்தது நான்தான். அவர் வரப்பில் விழுந்தார், முழங்கையில் சிராய்ப்பு. என் தம்பி மகன், 22 வயசு, எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவன், ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் விலக்கிவிட்டான். அவன் செய்தது அவ்வளவுதான்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவு பண்ணிவிட்டு ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். புகாரில் எங்கள் வீட்டு ஆம்பளைகள் நாலு பேர் பெயரும் இருந்தது. நாங்களும் விடவில்லை, எதிர்ப்புகார் கொடுத்தோம். இரண்டு பக்கமும் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். 296(பி) கெட்ட வார்த்தை பேசியது, 115(2) காயப்படுத்தியது, 126(2) வழிமறித்துத் தடுத்தது. கிராமத்துச் சண்டை என்றால் முன்பு 294(பி), 323, 341 என்று போடுவார்களே, அதேதான். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததால் எண்கள் மாறிவிட்டன. அதற்கு முன் நடந்த சம்பவத்துக்குப் பழைய எண்தான். பெரியவர் சம்மனில் 143, 341, 188 என்று இருந்தது அதனால்தான்.

இந்த மூன்று பிரிவும் ஜாமீனில் விடக்கூடியவை. இங்கே ஜாமீன் யாரும் போடுகிற பிச்சை இல்லை, நம் உரிமை. கைது செய்தாலும் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுக்க வேண்டும். எங்களைக் கைதே செய்யவில்லை. விசாரணைக்கு வரச்சொல்லி எழுத்தில் அறிவிப்பு கொடுத்தார்கள். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 35(3). அதை வாங்கிக்கொண்டு, சொன்ன நாளில் போய் நின்றால், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்யக் கூடாது. போகாமல் ஒளிந்தால்தான் வம்பு. இந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

60 வயது தாண்டியவர்கள் நம் இயக்கத்தில் பாதிப்பேர் இருக்கிறோம். மூன்று வருசத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், 60-க்கு மேற்பட்டவரையும் உடல் நலிந்தவரையும் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது. 35(7). இது பழைய சட்டத்தில் இல்லை, புதிதாக வந்தது. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார், "ராத்திரி வந்து கூப்பிட்டா போகணுமா?" பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் பெண் அதிகாரி எழுத்தில் மனுக் கொடுத்து மாஜிஸ்ட்ரேட்டின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சாட்சி சொல்லக் கூப்பிட்டாலும் பெண்கள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். யாரைக் கைது செய்தாலும் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும்.

கையெழுத்து விசயம் முக்கியம். நாம் கொடுக்கிற புகாரில் கையெழுத்துப் போட வேண்டும், ரசீதும் கேட்டு வாங்க வேண்டும். நம் ஸ்டேஷன்களில் அதை சி.எஸ்.ஆர். என்பார்கள். வழக்கே பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். ஆனால் விசாரணையில் நாம் சொல்வதைப் போலீசார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நம் கையெழுத்தை வாங்கக் கூடாது என்பதே சட்டம். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். நான் ஒன்றில் போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் தூங்கவில்லை.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி முதல் வாய்தாவுக்குப் போனபோது, எங்களைப் பார்த்து இரக்கப்பட்ட ஒரு ஏட்டையா ஓரமாகக் கூப்பிட்டார். "நாலு பேரும் ஒத்துக்கங்க. ஆளுக்கு ரெண்டாயிரம் ஃபைன் போடுவாங்க. மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். இல்லைன்னா மூணு வருசம் இழுக்கும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாற்று விடுகிற நேரம். எனக்கும் அது சரி என்றே பட்டது. பணத்தைக்கூட எண்ணிவிட்டேன்.

தம்பி மகன் மட்டும் பேசாமல் நின்றான். "பெரியப்பா, நான் போலீஸ் பரீட்சை எழுதியிருக்கேன்" என்றான்.

அந்த நேரம் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்த வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த வக்கீலம்மா எங்கள் காகிதங்களைப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டார்: "அண்ணே, அபராதம் கட்டுறதுன்னா என்னன்னு நினைச்சீங்க? பஸ்ஸுல டிக்கெட் எடுக்காததுக்குக் கட்டுற மாதிரியா?" அப்படித்தான் நினைத்திருந்தேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அது தண்டனை. பத்து ரூபாய் கட்டினாலும் நாம் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க 'தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுத வேண்டும். மறைத்தால் அதுவே வேலைக்கு வேட்டு. நாமாக ஒப்புக்கொண்ட பிறகு, தீர்ப்பு தப்பு என்று மேல்முறையீடும் போக முடியாது. தண்டனை கூடுதல், சட்டப்படி இல்லை என்று மட்டும்தான் வாதாடலாம். இளைஞன் போலீஸ் வேலைக்கு ஆசைப்படுகிறான் என்றால் கதை முடிந்தது. 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்று தீர்ப்பு வந்தால்கூட சீருடைப் பணியில் தடையாக நிற்கும் என்றார் வக்கீலம்மா.

வேறு வழி? இருக்கிறது, சமரசம். காயம், வழிமறித்தல், அத்துமீறி நுழைதல் போன்ற சின்னக் குற்றங்களைப் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் நீதிமன்றத்திலேயே முடித்துக்கொள்ளலாம். சட்டம் அதற்கு விடுதலைக்குச் சமமான பலனைக் கொடுக்கிறது. ஒத்துக்கொண்டு அபராதம் கட்டுவதும் சமரசமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான், இரண்டிலும் வழக்கு முடிகிறது. ஆனால் ஒன்றில் குற்றவாளி, இன்னொன்றில் இல்லை. இந்த வித்தியாசத்தை எனக்கு 54 வயது வரை யாரும் சொல்லவில்லை.

எங்கள் வழக்கில் ஒரு முடிச்சு இருந்தது. கெட்ட வார்த்தைப் பிரிவு 296 அந்தச் சமரசப் பட்டியலில் இல்லை. அதனால் இரண்டு தரப்பும் மதுரைக் கிளைக்குப் போய் வழக்கையே ரத்து செய்யக் கேட்க வேண்டும். சமரசம் ஆகிவிட்டால் பட்டியலில் இல்லாத சின்னக் குற்றங்களையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சட்டம் சுலபம். பங்காளி வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் கஷ்டம். ஒரு வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லை, ஒரு சாவு வீட்டில்கூட முகம் திருப்பிக்கொண்டோம். நான் போனேன். அவர் திண்ணையில் இருந்தார். "சட்டையப் பிடிச்சது என் தப்பு பங்காளி" என்றேன். ரொம்ப நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எதிர்க் கேசுல என் மவன் பேரும் இருக்கு. துபாய்க்குப் போக பாஸ்போர்ட்டு புதுப்பிக்கணும், நிறுத்தி வச்சிருக்காங்க" என்றார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரப்புச் சண்டையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டில் வழக்கு நடக்கும்போது பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கோர்ட்டின் அனுமதி வேண்டும் என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

பெரியவர் விசயத்துக்கு வருகிறேன். அவரை ஒத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். 188 பிரிவுக்குப் போலீசார் தாங்களாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரியின் எழுத்துப் புகார் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று 2018-ல் மதுரைக் கிளை ஜீவானந்தம் வழக்கில் தீர்ப்பளித்தது. அமைதியாகக் கூடிப் போராடியதற்காகப் போட்ட 143-ஐயும் அந்தத் தீர்ப்பில் ரத்து செய்தார்கள். இன்னொன்று, ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், தேதியைப் பார்க்காமல் விடாதீர்கள். மறியல் வழக்கில் கூட வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே வக்கீலைப் பிடித்தால் செலவும் குறையும்.

வாய்தாவைத் தவற விடாதீர்கள். அறுவடை, காய்ச்சல், எதுவானாலும் வக்கீல் மூலம் ஆஜர் விலக்கு மனு போட வேண்டும். சட்டப்படி அது இப்போது 355, ஆனால் கோர்ட்டில் இன்றைக்கும் '317 போடுங்க' என்றுதான் சொல்கிறார்கள். போடாவிட்டால் பிடிவாரண்டு. ரெண்டாயிரம் ரூபாய் வழக்கு, வாரண்டில் போய் ஜெயிலில் முடிந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

காட்டுப்பன்றிக்கு வேலியில் கரண்ட் விடுவதும் இப்படிச் சின்னக் கேசுதானே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இல்லை. ஆள் செத்தால் கொலைக்கு அடுத்த படியில் வைத்து வழக்குப் போடுவார்கள். அதில் சமரசமும் கிடையாது.

இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு.

போன மாதம் மதுரையில் இரண்டு வழக்கும் ரத்தானது. தம்பி மகன் பரீட்சையில் தேறிவிட்டான், சரிபார்ப்பு இனிமேல்தான். விண்ணப்பத்தில் வழக்கு இருந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறான். அவர்கள் என்ன முடிவெடுப்பார்களோ தெரியாது. உத்தரவின் சான்றிட்ட நகல் மூன்று வாங்கி, விதைநெல் வைக்கிற பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். பங்காளி இப்போது மருந்து அடிக்கும் முந்தின நாள் ஆள் அனுப்பிச் சொல்கிறார். நான் கிழக்கு வரப்பில் இரண்டு வரிசை அகத்தி ஊன்றியிருக்கிறேன், இடுப்பளவு வந்துவிட்டது.