ஜெர்மன் சில்வரும் கிட்டார் கவரும்

நமது சங்கத்தில் இசைக்கருவி வியாபாரம் செய்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆனாலும் இந்தச் சரக்கில் பாத்திரக்கடை நண்பர்களுக்கும் தெரிந்த ஓர் உலோகம் வருவதால், என் அனுபவத்தை எழுதுகிறேன்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் செவ்வகமாக ஒரு பாகம் இருக்கும். அதற்குப் பிக்கப் என்று பெயர். உள்ளே காந்தமும், தலைமுடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருளும் உண்டு. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் மின்சாரம் உண்டாகி ஆம்பிளிஃபயருக்குப் போகிறது. அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் என்பவர், இரண்டு சுருள்களை இணைத்து இரைச்சலை அடக்கும் 'ஹம்பக்கர்' பிக்கப்பை உருவாக்கினார். 1955-ல் விண்ணப்பித்து 1959-ல் காப்புரிமை பெற்றார்கள். அதற்கு உலோகக் கவர் மாட்டித்தான் விற்றார்கள். 1960-களின் பிற்பகுதியில் ராக் வாத்தியக்காரர்கள், சத்தம் இன்னும் கூர்மையாக வரும் என்று அந்தக் கவரைக் கழற்றிவிட்டு வாசித்தார்கள். பின்னால் வந்த பல பிக்கப்புகள் கவரே இல்லாமல் விற்பனைக்கு வந்தன. இப்போது பழைய தோற்றம் வேண்டும் என்று கவரை மட்டும் தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள். உலகம் சுற்றித்தான் வருகிறது!

2014-ல் வெளிமாநில வியாபாரி ஒருவரிடம் 150 கவர்கள் கொள்முதல் செய்தேன். விலை சகாயம். "ஜெர்மன் சில்வர்தானே?" என்று தொலைபேசியில் கேட்டேன். "அதுதான், சந்தேகமே வேண்டாம்" என்றார். பில்லில் 'மெட்டல் கவர்' என்று மட்டும் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் செய்யக்கூடிய தவறா அது?

ஒரு மாதத்தில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு சில்லறைக் கடைக்காரர் பேசினார். தேவாலய இசைக்குழுக்களுக்குச் சாமான் கொடுப்பவர். "அண்ணாச்சி, கவர் போட்ட பிறகு சத்தம் போர்வைக்குள்ளே இருந்து வர்ற மாதிரி இருக்குன்னு பையன்கள் திருப்பிக் கொண்டுவர்றாங்க" என்றார். விற்ற நாற்பதில் முப்பத்தொன்று திரும்பி வந்தன. ஒரு கவரின் உள் விளிம்பை அரத்தால் லேசாக ராவிப் பார்த்தேன். மஞ்சள் தெரிந்தது. நிக்கல் முலாம் பூசிய பித்தளை!

ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது என்பது நம் பாத்திர வியாபாரிகளுக்குத் தெரியும். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. பித்தளையை விட மின்சாரத்தை வெகுவாகத் தடுக்கக்கூடியது. பித்தளைக் கவரில் சுழல் மின்னோட்டம் தாராளமாக ஓடி, சத்தத்தின் மெல்லிய கூர்மையைத் தின்றுவிடுகிறது. ஜெர்மன் சில்வரில் அந்த இழப்பு குறைவு. ஈயமும் நன்றாகப் பிடிக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. காந்தமும் இரண்டிலும் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்பு, வாங்கவே வேண்டாம். அரம்தான் உண்மையைச் சொல்லும். மாதிரிக்கு ஒன்றைப் பாழாக்கினாலும் பரவாயில்லை.

உலோகம் சரியாக இருந்தாலும் அளவு தவறினால் ரிட்டர்ன்தான். கவரில் ஆறு துளைகள் உண்டு. முதல் துளையின் நடுவிலிருந்து ஆறாவது துளையின் நடுவரை கிப்ஸன் வகைக்கு ஏறக்குறைய 49 முதல் 50 மில்லிமீட்டர். ஃபென்டர் வகைப் பாலம் உள்ள கிட்டார்களுக்கான பிக்கப்பில் 52, 53 வரை வரும். வாடிக்கையாளரைப் பழைய பிக்கப்பை அளந்து வரச் சொல்லாமல் சரக்கைக் கொடுக்காதீர்கள்.

மாட்டுகிற வேலையும் லேசானதல்ல. கவருக்கும் சுருளுக்கும் இடையே காற்று நின்றால், ஆம்பிளிஃபயரைக் கூட்டியதும் கீச்சென்று கத்தும். அதற்காக மெழுகில் முக்குகிறார்கள். பாரஃபின் மெழுகோடு கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து, 65 டிகிரி சுமாருக்கு உருக்குவது வழக்கம். சூடு மீறினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளைந்துவிடும். நேரடி நெருப்பில் மெழுகை வைக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும். பிறகு கவரை அடித்தகட்டோடு இரண்டு இடத்தில் ஈயம் வைத்துச் சேர்க்க வேண்டும். அடித்தகடு எர்த் கம்பியோடு சேர்ந்திருந்தால்தான் கவர் வெளி இரைச்சலைத் தடுக்கும். சின்ன சால்டரிங் அயர்ன் வைத்து நெடுநேரம் சூடாக்கினால் சுருள் போய்விடும். நல்ல சக்தியுள்ள அயர்னால் சட்டென்று வைத்து எடுக்க வேண்டும். தவிர, பிக்கப்பில் கைவைத்தால் உத்தரவாதத்தை மறுக்கும் கம்பெனிகள் உண்டு. அதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நமக்குப் பாதுகாப்பு.

திரும்பி வந்த கவர்களுக்கு முழுப் பணத்தையும் கொடுத்தேன். எனக்கு விற்றவரோ, "பில்லைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன், வாதாட ஒன்றுமில்லை. அதன்பின் 'ஜெர்மன் சில்வர்' என்ற வார்த்தையும் துளை அளவும் பில்லில் இல்லாமல் ஒரு கவர்கூட என் கிடங்கில் இறங்கியதில்லை.

பழைய பித்தளைக் கவர்களில் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது. 'பித்தளை' என்று அட்டையில் பெரிதாக எழுதி, ஈயம் வைத்துப் பழகுகிற ரிப்பேர் பையன்களுக்குப் பாதி விலைக்குத் தருகிறேன்.