தாத்தாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கியை ரைஃபிளாக மாற்றலாமா? ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய 'லேத் பட்டறை வேலை'

தேர்தல் தேதி அறிவிப்பு வந்ததும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து கிராமங்களில் சில வீடுகளில் பரணிலிருந்து ஒரு நீளமான பொருள் கீழே இறங்கும். பழைய துணியில் சுற்றி வைத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி கேட்கப்படுவது வழக்கம். அதனால் வீட்டில் இருப்பதே மறந்துபோன ஆயுதம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

பயிர்க் காவலுக்காகத் தாத்தா காலத்தில் வாங்கியது. உரிமப் புத்தகத்தில் 'தென்னாற்காடு மாவட்டம்' என்றுகூட இருக்கலாம். விழுப்புரம் தனி மாவட்டமானதே 1993-ல்தான். அதற்கு முன்பு கலெக்டர் ஆபீஸ் என்றால் கடலூருக்குத்தான் போக வேண்டும்.

இப்படி ஒரு துப்பாக்கி கையில் இருந்தால் சிலருக்கு ஒரு யோசனை வரும். "குழலை மட்டும் மாத்தினா பழைய காலத்து ரைஃபிள் ஆயிடுமே, நம்மகிட்டதான் லைசென்ஸ் இருக்கே!" வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால் இது சாதாரண வேலை போலத்தான் தெரியும். ஆனால், இந்தியாவில் இது கடுமையான குற்றம். ஏன்?

ஷாட்கன், ரைஃபிள்: என்ன வித்தியாசம்?

ஷாட்கன் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். ஒரு தோட்டாவுக்குள் பல சிறு ஈயக் குண்டுகள் இருக்கும். சுட்டதும் அவை பரவிப் போகும். கிட்டத்தில் மட்டுமே வேலை செய்யும்.

ரைஃபிள் குழலின் உட்சுவரில் திருகாணி மரை போல வளைந்து ஓடும் பள்ளங்கள் இருக்கும். ஒரே குண்டு அந்தப் பள்ளத்தைப் பிடித்துச் சுழன்றபடி வெளியே வரும். சுழல்வதால் திசை மாறாமல் வெகுதூரம் போகும்.

'12 போர்' என்றால் என்ன என்று பலருக்கும் சந்தேகம் உண்டு. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும். அதுதான் கணக்கு. குழலின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர்.

வெளிநாட்டில் ஏன் செய்கிறார்கள்?

பிரிட்டிஷ் ராணுவம் 1871-ல் மார்ட்டினி-ஹென்றி என்ற ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. ஒருமுறைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். அதே மார்ட்டினி அமைப்பை வைத்து இங்கிலாந்தின் கிரீனர் நிறுவனம் 12 போர் ஒற்றைக்குழல் ஷாட்கன்களையும் தயாரித்தது. அதனால் இப்படிப்பட்ட பழைய ஷாட்கன்னில் ரைஃபிள் குழல் பொருத்தி, 19-ம் நூற்றாண்டு தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பது அமெரிக்கா போன்ற நாடுகளில் சிலருக்குப் பொழுதுபோக்கு. அங்கே சட்டம் வேறு.

இந்தியாவில் நடந்தது தலைகீழ்!

நம் நாட்டு வரலாற்றில் அரசே துப்பாக்கிகளை மாற்றியிருக்கிறது. ஆனால், எதிர்த் திசையில். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களுக்காக உட்புறம் வழவழப்பான துப்பாக்கிகளை பிரிட்டிஷார் உருவாக்கினார்கள். என்ஃபீல்டு ரைஃபிளின் பள்ளங்களை எடுத்துவிட்டால் குறி தப்பும், தூரம் குறையும். இனி ஒரு கிளர்ச்சி வந்தால் இந்தியர் கையில் சமமான ஆயுதம் இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு.

பின்னாளில் கொல்கத்தா அருகே உள்ள இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் லீ-என்ஃபீல்டு ரைஃபிள்கள் .410 மஸ்கட்டுகளாக மாற்றப்பட்டன. உள்ளே பள்ளம் கிடையாது. தோட்டா அடுக்கும் பெட்டியில் மரக்கட்டையை வைத்து அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போடும்படி செய்தார்கள். காவல் பணிக்கு அது போதும், பறிபோனாலும் ஆபத்து குறைவு என்பதே காரணம்.

ராணுவம் பயன்படுத்திய .303 ரக ரைஃபிள் பொதுமக்களுக்குக் கிடைக்காது. அதனால்தான் .315 என்ற தனி அளவு இந்தியாவில் புழக்கத்துக்கு வந்தது. ஆக, பள்ளம் உள்ள குழல், இல்லாத குழல் என்ற கோட்டை அரசுகள் அன்றைக்கே கவனமாகப் போட்டு வைத்திருந்தன. இன்றைய சட்டமும் அதே கோட்டில்தான் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம், 1959. இதன் 5-வது பிரிவின்படி, துப்பாக்கியைத் தயாரிக்கவும் மாற்றவும் விற்கவும் பழுது பார்க்கவும் அதற்கென்று தனி உரிமம் வேண்டும். வீட்டில் வைத்திருக்கக் கொடுத்த உரிமம் இதற்குச் செல்லாது.

6-வது பிரிவு முன்பு இரண்டு விஷயங்களைத் தடுத்தது. ஒன்று, குழலை வெட்டிக் குட்டையாக்குவது. இன்னொன்று, போலித் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக்குவது. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது. ஆயுத விதிகள், 2016-ல் சொல்லப்பட்ட ஒரு வகைத் துப்பாக்கியை உரிமமின்றி வேறு வகையாக மாற்றக் கூடாது. வழவழப்பான குழல் துப்பாக்கியும் ரைஃபிளும் அந்த விதிகளில் வேறு வேறு வகை. ஷாட்கன்னை ரைஃபிளாக்கினால் நேராக இதில்தான் போய் மாட்டும்.

தண்டனை? முன்பு 3 முதல் 7 ஆண்டு சிறை. இப்போது குறைந்தபட்சமே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. அபராதமும் உண்டு. வேலை செய்து கொடுத்த லேத் பட்டறைக்காரரும் தப்ப முடியாது.

"பழைய பொருள்தானே" என்று சொன்னால்?

45-வது பிரிவில் பழமையான ஆயுதங்களுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும். சுடும்படி மாற்றிய அந்த நிமிடமே விலக்கு போய்விடும். தோட்டாவும் சிக்கல்தான். பழைய அளவுத் தோட்டா கடையில் கிடைக்காது. வீட்டிலேயே செய்தால் அது தனிக் குற்றம்.

வெடித்தால் யார் முகத்தில்?

சட்டத்தை விடுங்கள், உயிருக்கே ஆபத்து. 12 போர் தோட்டா வெடிக்கும்போது உள்ளே உருவாகும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தர அளவு, சதுர அங்குலத்துக்கு சுமார் 11,500 பவுண்டு. 1873-ல் வந்த .45-70 என்ற பழைய ரைஃபிள் தோட்டாவுக்கே இது 28,000. பின்னாளில் வந்த .30-06 தோட்டாவுக்கு 60,000. ஷாட்கன்னுக்காகச் செய்த பூட்டும் கீலும் இதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பல வருடம் பரணில் துருவேறிக் கிடந்தது என்றால் சொல்லவே வேண்டாம். பின்பக்கம் பிய்த்துக்கொண்டால், அது சுட்டவர் முகத்தில்தான் வந்து அடிக்கும்.

காட்டுப்பன்றி தொல்லைக்கு என்ன வழி?

மாற்ற நினைக்கும் பலரும் சொல்லும் காரணம் இதுதான். ஆனால், துப்பாக்கி உரிமம் வேட்டைக்கான அனுமதி ஆகாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 அப்படியே நிற்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி என 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதுவும் வனத்துறையினர் சுடுவதற்குத்தான், விவசாயிகளுக்கு அல்ல.

சரி, பரணில் இருப்பதை என்ன செய்வது?

உரிமம் யார் பெயரில், இன்னும் செல்லுமா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு உரிமத்துக்கும் தனி அடையாள எண் இருக்க வேண்டும்.

உரிமதாரர் உயிரோடு இருந்தால், அவருக்கு 70 வயது ஆன பிறகோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்த பிறகோ வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். கலெக்டர் அலுவலகத்தை அணுக வேண்டும்.

உரிமதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, பிறகு வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேண்டாம் என்றால், உரிமம் உள்ளவருக்கு முறைப்படி விற்கலாம்.

பழுது என்றால் உரிமம் பெற்றவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். ரைஃபிள்தான் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம்.

தாத்தா விட்டுப் போனது உரிமத்தோடு கூடிய ஒரு ஷாட்கன். குழலை மாற்றிவிட்டால் அந்த உரிமத்தில் எழுதியிருக்கும் துப்பாக்கியே கையில் இருக்காது. அடுத்த தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போகும்போது, புத்தகத்தில் இருப்பது ஒன்று, மேசையில் இருப்பது வேறொன்று என்றாகிவிடும்.